மாசம் 167 ரூபாய் அதிகம்... ஸ்காலர்ஷிப் கிடையாது! தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வருமானக் கணக்கு

ஒரு குடும்பம். அம்மா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். பிடித்தமெல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 10,500 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 21,000. அதை 12 மாதத்தால் பெருக்குங்கள். 2,52,000 ரூபாய்.

இந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்து காலேஜில் சேரப் போகிறாள். பட்டியலினத்து மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கும் அதே 2,50,000தான். இவர்கள் வீட்டில் 2,000 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் 167 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணிக் காசு.

அந்தக் காசுக்காக அந்தப் பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் குறைவதில்லை. மொத்தமாகவே போய்விடுகிறது.

வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியில் இது கற்பனைக் கணக்காக மட்டும் இருப்பதில்லை. இங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான். காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் நுழைந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே தெரியும். இரண்டு சம்பளம் வந்தால்தான் வீட்டு வாடகை, குழு லோன், மளிகை எல்லாம் ஓடும். அந்த இரண்டாவது சம்பளமே பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பைப் பறித்துவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்து, பேங்கில் சம்பளம் போடும் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் வருமானம் ரூபாய் கணக்காகக் காகிதத்தில் இருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. வருமானச் சான்று எழுதும்போது முன்னவர் சம்பளச் சீட்டை நீட்டுகிறார், பின்னவர் வாயால் சொல்கிறார். நியாயமாகச் சம்பளம் போடும் இடத்தில் வேலை பார்ப்பவர்தான் உச்சவரம்பில் மாட்டிக்கொள்கிறார்.

தீபாவளி போனஸ் சங்கதி இன்னும் வேடிக்கை. ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 2,40,000. உச்சவரம்புக்குள் பத்திரமாக இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு போனஸ் வந்து, கம்பெனி கொடுக்கும் சம்பளச் சான்றில் அதையும் சேர்த்து எழுதிவிட்டால் 2,60,000. கோட்டுக்கு வெளியே!

பத்தாம் வகுப்பு வரை ஒரு கதவு

தோல் பதனிடுகிறவர்களின் பிள்ளைகளுக்கென்றே மத்திய அரசில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. நம் ஊரில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

பள்ளிகளில் இதை ‘சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகை’ என்பார்கள். 1977-78ல் தொடங்கிய திட்டம். கையால் மலம் அள்ளும் கொடுமையில் சிக்கியவர்களின் பிள்ளைகளுக்காக வந்தது. பிறகு தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர், குப்பை பொறுக்குவோர், ஆபத்தான துப்புரவு வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகளும் இதில் சேர்ந்தார்கள். இப்போது எஸ்.சி. மாணவர்களுக்கான ப்ரீ மெட்ரிக் திட்டத்தின் இரண்டாவது பகுதியாக இருக்கிறது. விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 8,000 ரூபாய்.

இதில் இரண்டு விதிகளைக் கவனியுங்கள். ஒன்று, சாதி, மதம் பார்ப்பதில்லை. எந்தச் சமூகமாக இருந்தாலும் பெற்றோர் செய்யும் தொழில்தான் அளவுகோல். இரண்டு, வருமான உச்சவரம்பு கிடையாது. சுண்ணாம்புக் குழியிலும் ரசாயனத்திலும் நின்று வேலை செய்கிறவர் என்ன சம்பாதிக்கிறார் என்று இந்தத் திட்டம் கேட்பதில்லை. அந்த வேலையே உடம்புக்குக் கேடு, அதனால் பிள்ளையின் படிப்புக்கு உதவ வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறது.

ஆனால், இது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்ததும் அதே அப்பா, அதே தோல் ஷாப், அதே நாற்றம். ஆனால் அரசாங்கக் கணக்கில் அவர் தோல் பதனிடுகிறவர் இல்லை, ‘ஆண்டு வருமானம் இவ்வளவு உள்ள பெற்றோர்’ மட்டும்தான். ஃபீஸ் உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கும் வயதில் தொழில் மறக்கப்பட்டு வருமானம் மட்டும் நினைவில் நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பது, பத்து படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் தலைமையாசிரியரிடம் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாங்கலாம். பெற்றோரின் தொழிலுக்கான சான்று தேவைப்படும். ஷூ தைப்பவர், பேக்கிங் செய்பவர் எல்லாம் இதில் வரமாட்டார்கள். தோல் பதனிடும் வேலை செய்பவராக இருக்க வேண்டும்.

2.5 லட்சம் என்பது எப்போது போட்ட கோடு?

எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் உச்சவரம்பு 2,50,000 ரூபாய் ஆனது 2013-14ல். அதற்குப் பிறகு பஸ் டிக்கெட் ஏறியது, கேஸ் சிலிண்டர் ஏறியது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது. கோடு மட்டும் நகரவே இல்லை. 2013ல் இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்த தோல் தொழிலாளர் குடும்பம், வாழ்க்கை ஒரு படிகூட உயராமல், சம்பள எண் மட்டும் உயர்ந்து இன்று கோட்டைத் தாண்டி நிற்கிறது.

இதே நாட்டில்தான் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவிகித இடஒதுக்கீடு 2019ல் வந்தது. அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஓ.பி.சி. பிரிவில் ‘கிரீமி லேயர்’ என்று வெளியே தள்ளுவதற்கான கோடும் 8 லட்சம். ஓரிடத்தில் 8 லட்சம் வரை ஏழை, இன்னோரிடத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஏழை இல்லை. மத்திய அரசின் சிறுபான்மையினர் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் கோடு இன்னும் கீழே, 2 லட்சமாக இருந்தது. மாதத்துக்கு 16,666 ரூபாய். முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இரண்டு பேர் சம்பாதிக்கும் எத்தனை வீடுகள் அதற்குள் அடங்கியிருக்கும்?

கோடு எவ்வளவு என்பதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பெரிய பிரச்னை. அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று இருக்கிறது. நம் ஊர் பாலிடெக்னிக் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு வருடப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் அதிகம். அங்கே படிக்கிறவர்களும் பெரிய யுனிவர்சிட்டியில் படிக்கிறவர்களும் ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறார்கள். அதை வைத்து ‘பெல் கிராண்ட்’ என்ற மத்திய அரசு உதவி முடிவாகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2024-25ல் அதிகபட்சம் 7,395 டாலர். குடும்ப வருமானம் கூடக் கூட அந்தத் தொகை படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும். கொஞ்சம் கூடினால் கொஞ்சம் குறையும்.

நம்முடையது படிக்கட்டு இல்லை, கிணறு. 2,49,000 ரூபாய் வருமானம் என்றால் ஃபீஸ், பராமரிப்புத் தொகை எல்லாம் உண்டு. 2,51,000 என்றால் ஒன்றுமே இல்லை. அமெரிக்க முறையிலும் ஆயிரம் குறை இருக்கிறது, அங்கே மாணவர்கள் கடனில் மூழ்குகிறார்கள். ஆனாலும் 167 ரூபாய்க்காக ஒரு மாணவியின் மொத்த உதவியையும் நிறுத்துவதில்லை.

எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக்கில் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணங்களோடு, தனியாக ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. வீட்டிலிருந்து போய்வரும் டிகிரி மாணவருக்கு 3,000 ரூபாய், விடுதியில் தங்கினால் 6,000. டிப்ளமோ, ஐ.டி.ஐ. போன்ற படிப்புகளுக்கு 2,500, விடுதி என்றால் 4,000. தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு இதைவிட அதிகம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பிரித்துக்கொள்கின்றன. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. வருகைப்பதிவு 75 சதவிகிதம் வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து கொடுக்கிறது.

அக்கா சம்பளத்தைச் சேர்க்க வேண்டுமா?

தோல் பகுதியில் இது ரொம்ப முக்கியமான கேள்வி. ஏனென்றால் பல வீடுகளில் மூத்த பெண் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவள் சம்பளத்தில்தான் தங்கச்சி காலேஜ் பற்றி யோசிக்கவே முடிகிறது.

எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் வழிகாட்டுதல்களில் நீண்டகாலமாக இருந்துவந்த விளக்கம் இது. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அவர்களின் வருமானத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் சேர்க்கக் கூடாது. கல்யாணமான மாணவி என்றால் கணவரின் வருமானம். வருமான வரியில் விலக்கு பெறும் வீட்டு வாடகைப் படியையும் கழித்துவிடலாம்.

ஆனால் இ-சேவை மையத்தில் நடப்பது வேறு. வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பத்தில் யார் யார் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். அவசரத்தில் அக்கா சம்பளமும் அதில் ஏறிவிடும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகி வரும்போது எண் கோட்டைத் தாண்டியிருக்கும். ஸ்காலர்ஷிப்புக்காகத்தான் சான்று என்பதை முதலிலேயே சொல்லி, பெற்றோர் வருமானத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வருமானத்தைக் குறைத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்று நூறு, இருநூறு கேட்கும் புரோக்கர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பேங்க் கணக்கு, ஆதார், பி.எஃப். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துகொண்டு வரும் காலம் இது. பொய்ச் சான்று பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், மாட்டுவது புரோக்கர் இல்லை, பிள்ளைதான்.

கோடு தாண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது

ஓர் இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லா இடத்திலும் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது, ஜூனில் ஸ்காலர்ஷிப் இல்லை என்று தெரிகிறது, ஜூலையில் பெண் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் அளவுகோல் வேறு வேறு.

முதலில் புதுமைப்பெண். இதற்கு வருமான வரம்பே கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்போ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பேங்க் கணக்கில் வரும். 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பசங்களுக்கு இதே போல ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட்டில் வந்தது. தபால் வழி, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்குக் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படிக்கலாம் என்று யோசிப்பவர்கள் இந்த ஆயிரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் இறுதியில் விரிவாக்கப்பட்டது. தமிழ்ப் புதல்வனிலும் உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழிதான். உருது வழிப் பள்ளிகள் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடியில் ‘தமிழ்வழி’ என்ற அந்த ஒரு சொல் சின்னச் சொல் இல்லை. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள், ஒரே காலேஜ், ஒருத்திக்கு ஆயிரம் வரும், இன்னொருத்திக்கு வராது என்றால் அதை எப்படி விளக்குவது? இங்குள்ள எம்.எல்.ஏ.க்கள் சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது, பாலிடெக்னிக்கில் சேரும் பெண்களுக்கு ஜாக்பாட் என்றே சொல்லலாம். ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘பிரகதி’ ஸ்காலர்ஷிப். ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம்! நாம் மேலே பார்த்த 2,52,000 ரூபாய் குடும்பம் இதில் தாராளமாக உள்ளே வருகிறது. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிப்ளமோ அல்லது தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் முதலாமாண்டு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது லேட்டரல் என்ட்ரியில் இரண்டாமாண்டு. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். இடங்கள் அளவானவை, மதிப்பெண் அடிப்படையில்தான் தேர்வு, எனவே எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்களைத்தான் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. டிப்ளமோ என்றால் பசங்க படிப்பு என்று நினைத்து இந்தத் திட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ‘சக்ஷம்’, பெற்றோரை இழந்தவர்களுக்கு ‘ஸ்வநாத்’ என்று இதே குடும்பத்தில் வேறு திட்டங்களும் உண்டு.

ஆர்ட்ஸ் காலேஜில் சேருகிறீர்களா? பிளஸ் டூவில் நல்ல மார்க்கா? மத்திய அரசின் ‘பி.எம்.-யு.எஸ்.பி.’ என்ற உதவித்தொகையைப் பாருங்கள். வருமான வரம்பு 4.5 லட்சம், அதாவது மாதம் 37,500 ரூபாய் வரை. உங்கள் போர்டில் உங்கள் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். டிகிரியின் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, பி.ஜி. படித்தால் ஆண்டுக்கு 20,000. டிப்ளமோவுக்குக் கிடையாது. அடுத்த வருடம் தொடர 50 சதவிகித மார்க்கும் 75 சதவிகித வருகையும் வேண்டும்.

பீடிக் கணக்கு தனி. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் பக்கம் அப்பா தோல் ஷாப், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார் என்ற வீடுகள் உண்டு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவி இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், டிகிரிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்கல்விப் படிப்புக்கு 25,000. ஆனால் மாத வருமானம் 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இதையும் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அமைப்புசாரா தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு வைத்திருக்கும் நலவாரியங்களில் ஒன்று காலணி, தோல் பொருட்கள் உற்பத்தி மற்றும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கானது. வீட்டில் அப்பர் தைக்கிறவர்கள், சின்னப் பட்டறையில் செருப்பு செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத்தான் வாரியம். வருமானச் சான்றில் காகிதம் இல்லாமல் தடுமாறிய அந்த வீட்டுப் பெண்ணுக்கு இங்கே வாரிய அட்டை என்ற காகிதம் கிடைக்கிறது. பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜினீயரிங், மருத்துவம், வேளாண்மை போன்ற படிப்புகளில் கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11லிருந்து இருக்கிறது. வருமானம் கேட்க மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆகவே, அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

பணம் வந்து சேரும் வழி

தகுதி இருந்தும் பணம் வராமல் போகும் கதைகள் தனி. பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும்.

நம் ஊர் இனிஷியல்தான் முதல் வில்லன். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. கம்ப்யூட்டருக்கு இது மூன்று வெவ்வேறு ஆள். உருதுப் பெயர்களில் இன்னும் சிக்கல், ஒரே பெயரை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதிவைத்திருப்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் பேங்க் கணக்கையும் மாற்றிக்கொள்வது நல்லது. ரிசல்ட் வருவதற்கு முன்பே, ஏப்ரலில் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, ஆதார் இணைப்பு. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணைக் கொடுக்கிறோம் என்பது முக்கியமில்லை. நேரடியாகப் பணம் போடும் முறையில், உங்கள் ஆதார் கடைசியாக எந்த பேங்க் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். புதுமைப்பெண்ணுக்காக ஒரு கணக்கு, கம்பெனி லீவில் ரெண்டு மாசம் வேலைக்குப் போனபோது சம்பளத்துக்காக இன்னொரு கணக்கு என்று திறந்துவிட்டு, பணம் வரவில்லை என்று பழைய பாஸ்புக்கையே என்ட்ரி போட்டுக்கொண்டிருப்போம். பணம் புதுக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பேங்க் கிளையில் கேட்டால் ஆதார் எந்தக் கணக்கோடு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க ‘ஓ.டி.ஆர்.’ என்ற 14 இலக்கப் பதிவு எண் வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் படிக்கும் காலம் முழுக்க அதுவேதான், எனவே எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பித்த பிறகு காலேஜில் உள்ள பொறுப்பு அலுவலர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் மேஜையில் நின்றுபோகும் விண்ணப்பங்கள்தான் அதிகம். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் போய், என் விண்ணப்பம் மேலே போய்விட்டதா என்று நேரில் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஃபீஸ் ஜூனில் கட்டியாக வேண்டும், ஸ்காலர்ஷிப் பல மாதம் கழித்துத்தான் வரும். நடுவில் இருக்கும் இடைவெளியைப் பெரும்பாலும் அம்மாவின் கம்மலோ குழு லோனோதான் நிரப்புகிறது. எஸ்.சி. மாணவர்களுக்கு ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்று ஒரு வசதி விதியிலேயே இருக்கிறது. அதைக் காட்டினால் முன்பணமாக ஃபீஸ் கட்டாமல் சேர முடியும், ஸ்காலர்ஷிப் வந்ததும் காலேஜுக்குக் கட்டிவிடலாம். சேர்க்கை நேரத்தில் இந்தப் பெயரை வாய்விட்டுக் கேட்கும் பெற்றோர் குறைவு.

எங்கே போய் நிற்பது என்ற குழப்பமும் இன்னும் தீரவில்லை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலம் சம்பந்தமான மாவட்ட அலுவலகங்கள் இப்போது திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகத்தில். பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூரிலேயே இருக்கின்றன. மேல்விஷாரம், வாலாஜா, ஆற்காடு எல்லாம் ராணிப்பேட்டை. வீடு பேரணாம்பட்டில், காலேஜ் ஆம்பூரில் என்றால் சான்றிதழ்கள் வீடு இருக்கும் தாலுகாவில் வாங்க வேண்டும், விண்ணப்பம் காலேஜ் வழியாகப் போகும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறுவதற்கு முன்னால், எந்தக் காகிதத்துக்கு எந்த ஊர் என்று காலேஜ் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.